தபால்காரர் பழக்கிய அணி

கேள்வி: அக்காவின் மகன் கனடாவில் பிறந்தவன். உதைபந்தாட்டப் புலமைப்பரிசிலில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போகப் போகிறான். அங்கே ஒரு பல்கலைக்கழகம் பத்துத் தடவை தேசிய சம்பியன் ஆகியிருக்கிறது என்கிறான். அமெரிக்கனுக்கும் பந்தடிக்கும் என்ன சம்பந்தம்? மருமகன் புளுகுகிறானா?
– வாசகர், குருநகர்

பதில்: புளுகவில்லை அண்ணை. அது சென்ற் லூயிஸ் பல்கலைக்கழகம். பல்கலைக்கழகங்களுக்கான தேசியத் தொடர் அமெரிக்காவில் 1959இல்தான் தொடங்கியது, முதல் கிண்ணமே இவர்களுக்கு. 1973 வரை 15 வருடத்தில் 10 கிண்ணம். அதில் 1967ஆம் ஆண்டுக் கிண்ணம் மட்டும் பாதி: மிச்சிகன் ஸ்டேட்டுடன் 0–0 என்று நிற்கும்போது காலநிலை மோசமாகி, இரண்டு பேரும் சம்பியன்தான், வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

எப்படி நடந்தது என்று குருநகர்க்காரருக்கு விளங்கப்படுத்தத் தேவையே இல்லை. அந்த நகரத்தில் கத்தோலிக்கர் நிறைய, பங்குகளில் பெடியளுக்கு அணிகள், பங்குக்குப் பங்கு லீக். பல்கலைக்கழகமும் யேசு சபையினருடையது, அணியில் பெரும்பாலும் ஊர்ப் பெடியள். எங்கள் கரையில் நாவாந்துறை சென். மேரிஸ், பாசையூர் சென். அன்ரனீஸ் என்று கழகங்களுக்குப் புனிதர்களின் பெயர் இருப்பது சும்மாவா? காயப்போட்ட வலைக்குள் பந்து போய் விழ, கண்ணி அறுந்தால் ஐயாவிடம் அடி விழும் என்று பயந்து பயந்து காலில் சுற்றிய நூலைக் கழற்றிக்கொண்டு பந்தை எடுத்தவன்தான் பிறகு சம்பத்திரிசியார் கல்லூரிக்கும் விளையாடுவான், கம்பஸ் கிடைத்தால் கம்பஸுக்கும் விளையாடுவான். பல்கலைக்கழகம் வீரரை உருவாக்குவதில்லை, சேர்த்து எடுக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பத்தில் கடைசி ஐந்தையும் வென்று கொடுத்த பயிற்றுநர் ஹரி கியோ, அதே நகரத்து ஆள். 1950 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்தை 1–0 என்று அமெரிக்கா கவிழ்த்ததே, அந்த அணியின் பின்களத்தில் நின்றவர். தொழில் என்ன தெரியுமா? தபால்காரர்! இங்கிலாந்தைத் தோற்கடித்துவிட்டு ஊருக்கு வந்து கடிதம் கொடுத்த மனிசன்.

ஆனால் மருமகனுக்குச் சொல்ல வேண்டிய கதை இது அல்ல, வொஷிங்டனில் உள்ள ஹவார்ட் பல்கலைக்கழகத்தின் கதை. கறுப்பின மாணவர்களுக்காக எழுந்த பல்கலைக்கழகம் அது. ட்ரினிடாட்காரரான லிங்கன் பிலிப்ஸ் பயிற்றுநராக வந்து, கரீபியத் தீவுகளிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் படிக்க வந்த பிள்ளைகளைச் சேர்த்து அணி கட்டினார். 1971 பைனலில் சென்ற் லூயிஸையே 3–2 என்று வென்றார்கள். கறுப்பினத்தவரின் பல்கலைக்கழகம் ஒன்று அந்த மட்டத்தில் தேசியப் பட்டம் வென்றது அதுதான் முதல் தடவை. அப்புறம் விசாரணை வந்தது. சில வீரர்களுக்கு விளையாடத் தகுதியில்லை என்று சொல்லித் தொடரை நடத்தும் சங்கம் பட்டத்தைப் பறித்தது. ஹவார்ட் நீதிமன்றம் போனது. வெளிநாட்டு மாணவர் தங்கள் நாட்டில் விளையாடிய காலத்தையும் கணக்கில் பிடித்து, அவர்கள் பல்கலைக்கழகத்துக்கு விளையாடக்கூடிய வருடங்களை வெட்டும் விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மற்ற விதிகள் செல்லும் என்று ஆகிவிட்டது, பட்டம் திரும்பி வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, கோபத்தை எங்கே காட்டினார்கள்? 1974இல், மைதானத்தில். அந்தப் பருவம் 19 ஆட்டம், 19 வெற்றி. பைனல் சென்ற் லூயிஸ் நகரத்திலேயே, எதிரணியும் அதே சென்ற் லூயிஸ், அதுவும் முந்தைய இரண்டு வருடமும் கிண்ணம் தூக்கியவர்கள். 1–1. மேலதிக நேரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று போய் நாலாவதில் ஹவார்ட் கோல் போட்டு 2–1. அதற்குப் பிறகு இன்றுவரை சென்ற் லூயிஸ் இன்னொரு பட்டம் காணவில்லை, பத்தில் நிற்கிறது.

கனடாப் பிள்ளையும் அமெரிக்காவில் வெளிநாட்டு மாணவன்தான். பூட்ஸ் வாங்க முதல் தகுதி விதிகளை வரிவரியாக வாசிக்கச் சொல்லுங்கள். மாமா சொன்னதாகவே இருக்கட்டும்.

கேள்வி: ‘சாக்கர்’ அமெரிக்கர் கெடுத்த சொல்தானே?
– வாசகி, கொக்குவில்

பதில்: இல்லை தங்கச்சி, இங்கிலாந்து மாணவர்கள் ‘அசோசியேஷன்’ என்பதைச் சுருக்கிச் செல்லமாக வைத்த பெயர் அது. பிறகு அவர்களே கைவிட்டுவிட்டு அமெரிக்கனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் யாழ். பல்கலைக்கழக ஆண்கள் அணியின் வரலாற்றை எழுத ஆசை. எங்கே தொடங்கலாம்?
– மாணவன், திருநெல்வேலி

பதில்: 1974இலேயே தொடங்கு தம்பி. ஹவார்ட் கிண்ணம் தூக்கிய அதே வருடம் ஒக்டோபரில்தான், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாக இது திறந்தது. பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் ஒரு பகுதி, விஞ்ஞானம் வட்டுக்கோட்டையில். ஆகவே முதல் கேள்வி: இங்கே ஒரு கூட்டமும் அங்கே ஒரு கூட்டமுமாக இருந்த பெடியளை ஒரு அணியாக்கிப் பயிற்சிக்குக் கூட்டி வந்தது யார், எந்த மைதானத்துக்கு? 1979இல் தனிப் பல்கலைக்கழகம் ஆன பிறகு போட்டிகள் எப்படி மாறின என்பது அடுத்தது.

காகிதத்தை மட்டும் நம்பாதே. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் ஊரே இடம்பெயர்ந்து நடந்தபோது அலுமாரிக் கிண்ணத்தையும் சுவர்ப் படத்தையும் யார் தூக்கினார்கள்? பழைய வீரர்கள் இப்போது அறுபது, எழுபது வயதில் இருப்பார்கள், பாதிப் பேர் வெளிநாட்டில். வாட்ஸ்அப்பில் அழைத்து, ஒரு மட்சை முதல் நிமிடத்திலிருந்து சொல்லச் சொல்லு. இரண்டு பேர் ஒரே கோலைத் தான்தான் போட்டேன் என்பார்கள், இரண்டையும் எழுது. குழுப் படம் கிடைத்தால் பின்பக்கத்தில் பென்சிலால் இடமிருந்து வலமாகப் பெயரைக் குறித்துவிடு, பேனாவால் வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.