கடலடிக் கேள்வி-பதில்: காது வலித்தால் இறங்காதீர்கள்

கேள்வி: பாசிக்குடாவில் முருகைக்கல் பார்க்கச் சிலிண்டர் கட்டி இறங்கினேன். 2 மீற்றரிலேயே காதில் ஊசி குத்தியது போல வலி. இன்னும் இறங்கினால் விட்டுவிடும் என்றார்கள். விடுமா?
(வாசகி, ஏறாவூர்)

பதில்: செவிப்பறை கிழிந்தால் விடும்! அந்த யோசனையைக் கேட்காதீர்கள். 10 மீற்றர் போவதற்குள் அழுத்தம் இரட்டிப்பாகிறது. அதனால்தான் முதல் சில மீற்றரே காதுக்குப் பொல்லாதது. நடுக்காதுக்குக் காற்று மூக்கின் பின்னாலுள்ள குழாய் வழியாகப் போகவேண்டும். ஒன்றரை மீற்றர் அளவுக்குச் சும்மா இறங்கிவிட்டால் அந்தக் குழாய் நசிந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு ஊதினாலும் திறக்காது. முக்கி ஊதினால் உட்காதும் பழுதாகும்.

ஆகவே வலிக்கு முன்னரே தொடங்குங்கள். நீர்மட்டத்தில் ஒரு தடவை, பிறகு அரை மீற்றருக்கு ஒரு தடவை: மாஸ்க்கின் மேலால் மூக்கைப் பொத்தி, மெல்ல ஊதுங்கள். இரு காதிலும் ‘டிக்’ என்று கேட்கும். கால் கீழே, தலை மேலே, நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி இறங்குவது நல்லது. தலைகீழாகப் போனால் குழாய் திறப்பது கடினம். அடைத்தால் 1 மீற்றர் மேலேறி மறுபடி முயலுங்கள். அப்போதும் திறக்கவில்லையா, அன்றைக்குப் படகிலேயே இருங்கள்.

தடிமன் இருந்தால் இறங்கவே வேண்டாம். மாத்திரை போட்டு இறங்குவோர் உண்டு. கடலுக்குள் மருந்தின் வேகம் குறைந்தால், ஏறும்போது நடுக்காதிலுள்ள காற்று வெளியேற வழியில்லாமல் சிக்கும். காதுக்குப் பஞ்சோ ரப்பர் அடைப்பானோ வைப்பது அதைவிட மோசம்.

கேள்வி: ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்க ஆரம்பப் பயிற்சி போதுமா?
(வாசகர், கல்முனை)

பதில்: போதாது. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்த விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் சுமார் 53 மீற்றரில் கிடக்கிறது. ஆரம்பச் சான்றிதழின் எல்லை 18 மீற்றர். பொழுதுபோக்குச் சுழியோட்டத்துக்கே 40 தான். கணக்குப் பாருங்கள்: 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் (மேலே உள்ள காற்றைப்போல் சுமார் 200 மடங்கு) என்றால் 2,400 லீற்றர் காற்று. அங்கே அழுத்தம் மேலே உள்ளதைப்போல் 6.3 மடங்கு; மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுப்பவர் அங்கே 126 லீற்றர் இழுப்பார். 19 நிமிடத்தில் சிலிண்டர் காலி. ஏறும் வழியில் நின்று நின்று, உடலில் கரைந்த நைதரசனை வெளியேற்றவும் அதற்குள்தான் காற்று வேண்டும். போதாததற்கு அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றே தலையைக் கிறுக்கும். அங்கே போகிறவர்கள் ஹீலியம் கலந்த வாயுவும் மேலதிகச் சிலிண்டர்களும் கொண்டு, அதற்கென்றே தனிப் பயிற்சி எடுத்துப் போகிறார்கள்.