முடியை ஒதுக்கினால் பிடித்திருக்கிறது என்று அர்த்தமா?

“என்னைப் பார்த்ததும் அவள் முடியை ஒதுக்குகிறாள், துப்பட்டாவைச் சரிசெய்கிறாள். பிடித்திருக்கிறதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் இருந்துகொண்டு கேட்பதால்தான் யோசிக்கிறேன், தம்பி.

இந்தக் கணக்கு ரொம்பப் பழசு. காதல் வந்தவளின் அடையாளமாக, உணர்ச்சி உடலில் தெரிவதைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பொறிநுதல் வியர்த்தல், கூழை விரித்தல், உடைபெயர்த்து உடுத்தல் என்று அடுக்குகிறது. நெற்றி வியர்க்கும், கூந்தல் அவிழும், உடை திருத்தப்படும். ஆனால் 32 டிகிரி வெயிலில் தேக்கா சந்தையிலிருந்து முஸ்தபா கடை வரை நடந்தால் எனக்கே இந்த மூன்றும் நடக்கும். கூந்தல்தான் இல்லை.

நானும் ஏமாந்தவன். சமூக மன்றத்தில் புதன்தோறும் நாடக ஒத்திகை. அங்கே வரும் ஒருத்தி, உள்ளே வந்ததும் கூந்தலை அவிழ்த்து முடிவாள். எனக்காக என்று இரண்டு வாரம் மிதந்தேன். மூன்றாம் வாரம் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன்: அறையில் யாருமே இல்லை, அப்போதும் அவிழ்த்து முடிந்தாள். வெளியே புழுக்கம், உள்ளே ஏர்கான், அவ்வளவுதான். அலங்காரம் அவரவர் வசதிக்கும்தான். வழக்கத்திலிருந்து எது மாறுகிறது என்று பாருங்கள். அதையும் அரைகுறையாகவே நம்புங்கள்.

வழக்கம் மாறியது என்னிடம்தான். புதன் வந்தால் சவரம், நகம் வெட்டல், இஸ்திரி போட்ட சட்டை, போதாததற்கு அராப் ஸ்ட்ரீட்டில் வாங்கிய அத்தர். வியர்வைக்குத் தனியாகப் பெரிய வாடை கிடையாது, அக்குளில் இருக்கும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாறும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அதன் மேலே அத்தரை ஊற்றினால் இரண்டும் சேர்ந்து வரும். அவள் எப்போதும் இரண்டு நாற்காலி தள்ளி உட்காருவாள். வெட்கம் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை, புளோக்குக்குக் கீழே காப்பிக் கடையில், மூன்று நாள் தாடியும் பனியனுமாக அவளிடம் மாட்டிக்கொண்டேன்.

“உங்க பிளேடு புதன்கிழமை மட்டும்தான் வேலை செய்யுமா?”

இவ்வளவு கவனித்திருக்கிறாளே என்ற தைரியத்தில், அடுத்த வாரம் படத்துக்கு வருகிறாயா என்று நேராகவே கேட்டுவிட்டேன். தே ஓ (பாலில்லாத தேநீர்) டம்ளரைக் கீழே வைத்தாள்.

“வர்றேன். அந்த அத்தர் மட்டும் வேணாம்.”