85 மார்க் வாங்கிய பிள்ளை ஃபெயிலான கதை

கேள்வி: 2008-ல் வந்த 'ஃபார் க்ரை 2' என்ற ஷூட்டர் (துப்பாக்கிச் சண்டை) வீடியோ கேமை அன்றைய விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இன்று அதையே காலத்தை முந்திய படைப்பு என்று கொண்டாடுகிறார்கள். விமர்சகர்களுக்கு அன்று கண் தெரியவில்லையா, இன்று தெரியவில்லையா?

பதில்: கிழித்ததாக உங்களிடம் யார் சொன்னது? விமர்சன மதிப்பெண்களைத் திரட்டித் தரும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் அந்த கேமின் சராசரி நூற்றுக்கு 85. அந்த மார்க்கோடு வரும் பிள்ளையை எந்த வீட்டிலும் திட்டமாட்டார்கள். (சில வீடுகளைத் தவிர.)

திட்டியவர்களில் பெரும்பாலோர் காசு கொடுத்து வாங்கியவர்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. 2004-ல் வந்த முதல் 'ஃபார் க்ரை' ஜெர்மனியின் க்ரைடெக் செய்தது. தென்னை மரத் தீவு, ஜாக் கார்வர் என்ற நாயகன், பிற்பாதியில் மரபணு மாற்றிய ராட்சதர்கள். க்ரைடெக் 'க்ரைசிஸ்' என்ற வேறு கேம் செய்யப் போய்விட்டது. 'ஃபார் க்ரை' என்ற பெயர் அதை வெளியிட்ட யுபிசாஃப்ட் நிறுவனத்திடம் தங்கியது. அதன் மான்ட்ரியல் பிரிவு, கிளின்ட் ஹாக்கிங் தலைமையில், தீவையும் நாயகனையும் ராட்சதர்களையும் தூக்கி எறிந்துவிட்டு, உள்நாட்டுப் போர் நடக்கும் பெயரில்லாத ஓர் ஆப்பிரிக்க நாட்டுக்குப் போய்விட்டது. இரு தரப்புக்கும் ஆயுதம் விற்கும் 'ஜக்கால்' என்பவனைக் கொல்ல வந்த கூலிப்படையாள் நீங்கள். வந்த அன்றே மலேரியாவில் விழுகிறீர்கள். இரண்டாம் பாகம் என்று நம்பி வாங்கியவன் வேறென்ன சொல்வான்?

சரி, இன்று கொண்டாடுகிறவர்கள் எதைக் கொண்டாடுகிறார்கள்? எதிரியிடமிருந்து பிடுங்கிய துப்பாக்கி துருப்பிடித்திருக்கும். சண்டை நடுவே சிக்கிக்கொள்ளும். வரைபடம் பார்க்கக் கையில் காகிதத்தை விரிக்க வேண்டும். அதற்காக ஆட்டம் நிற்காது, ஜீப்பும் நிற்காது. காய்ந்த புல்லில் வைத்த தீ காற்றடிக்கும் பக்கம் பரவி உங்களையே சுற்றி வளைக்கும். நீங்கள் விழுந்தால் ஒரு நண்பன் ஓடி வந்து தூக்கிவிடுவான். அதே நண்பன் இன்னொரு நாள் குண்டடிபட்டுக் கிடக்கும்போது மார்ஃபின் ஊசி போடுவதா, அது போதாமல் போனால் என்ன செய்வது என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டும். போட்ட திட்டம் பாதியில் குலைந்து, அந்தக் குலைவே ஆட்டமாகிற அனுபவம் அன்று வேறு ஷூட்டர்களில் அரிது. இதில் நானும் கொண்டாடுகிற கட்சிதான்.

ஆனால் சோதனைச் சாவடிகள்! ஒரு சாவடியில் இருக்கிற அத்தனை பேரையும் சுட்டுத் தள்ளிவிட்டுக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தால், அதே இடத்தில் புதுக் காவலர்கள் நிற்பார்கள். சுமார் 50 சதுர கிலோமீட்டர் நிலத்தில் எங்கே போக வேண்டுமானாலும் வழியில் இந்தத் தலைவலி. நீங்கள் யாருக்காக வேலை செய்கிறீர்களோ அந்தத் தரப்பும் உங்களைச் சுடும். 'உங்கள் வேலை ரகசியம், அவர்களுக்குத் தெரியாது' என்று ஒரு சால்ஜாப்பு. வேடிக்கை என்னவென்றால், கதை ஒன்று சொல்ல ஆட்டம் வேறொன்று சொல்கிறதே என்று 2007-ல் 'பயோஷாக்' கேமைக் குறை சொல்லி, அந்த முரணுக்கு ஒரு பெயரும் சூட்டியவர் இதே ஹாக்கிங்தான்.

'போரின் அலுப்பை உணர்த்தவே சாவடிகள் மீண்டும் முளைக்கின்றன' என்று இப்போது சிலர் விளக்கம் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்புதலில்லை. சிக்கும் துப்பாக்கி உங்களை அந்த நொடியில் வேறு வழி யோசிக்க வைக்கிறது. சாவடியோ நேற்றைய வேலையை இன்றும் செய்ய வைக்கிறது. 2008-ல் பலர் குறை சொன்னது பெரும்பாலும் இதைத்தான். அந்தக் குறை இன்றும் குறைதான். பிடித்தவர்கள் பிடிக்காததையும் சேர்த்துப் புனிதமாக்கிவிட்டார்கள், அவ்வளவே.

அப்புறம் ஒன்று. 2012-ல் வந்த மூன்றாம் பாகம் இந்தப் புகார்களையெல்லாம் கேட்டுத் திருத்திக்கொண்டது. சாவடியை ஒருமுறை பிடித்தால் அது உங்களுக்கே. துப்பாக்கி சிக்காது, மலேரியா கிடையாது, தீவும் திரும்ப வந்துவிட்டது. விமர்சகர்கள் இரண்டாம் பாகத்தைவிட அதிக மார்க் போட்டார்கள். அந்த அச்சிலேயே நாலாவதும் ஐந்தாவதும் வந்தபோது 'எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே' என்ற சலிப்புக் குரலும் எழுந்தது. இரண்டாம் பாகத்தின் மேல் திடீர்ப் பாசம் பொங்கியதில் இந்தச் சலிப்புக்கும் பங்குண்டு என்பது என் சந்தேகம்.

நீங்களே ஆடிப் பார்ப்பதானால், சாலையில் போகாதீர்கள். ஆற்றில் படகெடுத்துப் போங்கள். சாவடித் தொல்லை குறைவு. ரொம்ப தூரம் என்றால் பஸ்ஸும் இருக்கிறது.