அம்மாவும் என் மனத்தின் தோற்றமா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த்தின் கனவு வாதத்தைப் படித்ததிலிருந்து நிம்மதி போய்விட்டது. கனவில் பார்ப்பதும் விழித்துப் பார்ப்பதும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன? அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே, இவரும் என் மனம் காட்டும் படம்தானோ என்று தோன்றிப் பயந்துவிடுகிறேன். மனத்துக்கு வெளியே ஏதாவது இருக்கிறது என்று நிரூபிக்க முடியுமா?

க.

அன்புள்ள க.,

முடியாது. எந்தச் சான்றைக் காட்டினாலும் ‘அதுவும் என் மனத்தில்தான் தோன்றுகிறது’ என்று சொல்லிவிடலாம். மனத்துக்கு வெளியே சடப்பொருள் இல்லை என்ற தத்துவவாதி பார்க்லியை மறுப்பதாக ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் ஒரு பெரிய கல்லை உதைத்துக் காட்டினார். அந்த அதிர்வும் அனுபவம்தானே.

மனம் மட்டுமே உண்டு, வெளிப்பொருள் இல்லை என்ற பௌத்தப் பிரிவினரான விஞ்ஞானவாதிகளுக்குச் சங்கரர் சொன்ன பதில் எனக்கு நெருக்கமானது. உள்ளே இருப்பதே ‘வெளியே இருப்பதுபோல’ தெரிகிறது என்றார்கள் அவர்கள். சங்கரர் தம் பிரம்மசூத்திர உரையில் அந்தப் ‘போல’வைப் பிடித்துக்கொள்கிறார். ஒருவனைப் பார்த்து, மலடி மகனைப்போல இருக்கிறான் என்று யாரும் சொல்வதில்லை. வெளி என்பதே இல்லையென்றால் அந்தப் ‘போல’ எப்படி வந்தது? உங்கள் கனவுக்கும் இது பொருந்தும். விழிப்பை அறிந்ததால்தான் அதைக் கனவு என்கிறீர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் மேசை நாற்காலியைப் பற்றிய கவலையே இல்லை, கவனித்தீர்களா? அம்மாவைப் பற்றித்தான் தவிக்கிறீர்கள். இவை இரண்டு வேறு சந்தேகங்கள். 7ஆம் நூற்றாண்டில் பௌத்தத் தத்துவவாதி தர்மகீர்த்தி, விஞ்ஞானவாதப் பக்கம் நின்றுகொண்டே, பிறர் மனம் உண்டு என்று நிறுவ ‘சந்தானாந்தர சித்தி’ என்று தனி நூலே எழுதினார். என் பேச்சுக்கும் செயலுக்கும் முன்னால் என் எண்ணம் இருக்கிறது. நான் எண்ணாத பேச்சும் செயலும் என் முன் தோன்றினால், அவற்றுக்குப் பின்னால் வேறொரு எண்ணம் இருந்தாக வேண்டும். பொருட்களை விட்டுவிட்டவருக்கும் மனிதர்களை விட மனம் வரவில்லை.

அப்பா இறந்த பிறகு அவருடைய நாட்குறிப்பைப் புரட்டினேன். நாங்கள் சண்டை போட்டுப் பேசாமலிருந்த ஒரு நாளின் பக்கத்தில், பென்சிலில் ஒரே வரி: ‘அவன் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது.’ அவர் தூங்கிவிட்டார் என்றுதான் அன்றைக்கு நினைத்திருந்தேன். சரி, இந்த வரியையும் என் மனமே எழுதியது என்று வாதிடலாம். என்னால் முடியவில்லை.

சுற்றியுள்ளதெல்லாம் நிஜமில்லாததுபோல நாள்கணக்கில் தோன்றி, தூக்கமும் கெட்டால், மனநல மருத்துவரைப் பாருங்கள். அது தத்துவச் சிக்கல் இல்லை, உதவி கிடைக்கக்கூடிய நிலை. அப்புறம், உங்களுக்கு நினைவே இல்லாத வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள்.