சர்வரில் இருக்கும் ஐஎஸ்ஓ கோப்பு மவுன்ட் ஆகவில்லை, என்ன செய்வது?

பகிர்ந்த ஃபோல்டரில் ஐஎஸ்ஓ (ஒரு முழு டிஸ்க்கின் உள்ளடக்கத்தை ஒரே கோப்பாக வைத்திருப்பது) கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அதை மவுன்ட் செய்ய, அதாவது ஒரு டிரைவ் போலத் திறக்க, இருமுறை கிளிக் செய்தால் விண்டோஸ் பிழை காட்டுகிறது என்கிறீர்கள். முதலில் அந்தக் கோப்பை உங்கள் கணினியின் டிஸ்க்குக்கே நகலெடுத்துத் திறந்து பாருங்கள். பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

அங்கும் திறக்கவில்லையா? கோப்பே பழுதாக இருக்கலாம். அதன் எஸ்எச்ஏ-256 மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற சரிபார்ப்புக் குறியீடு) வெளியிட்டவர்கள் தந்த மதிப்போடு ஒப்பிடுங்கள். அளவையும் பாருங்கள்: சரியாக 4,29,49,67,295 பைட்டில் நின்றிருந்தால், வழியில் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்த ஏதோ ஒரு டிஸ்க் அதை வெட்டியிருக்கிறது என்றே நினைப்பேன். அதற்கு மேல் ஒரு பைட்கூட அதில் ஏறாது.

நகல் திறந்து, சர்வரில் உள்ளது மட்டும் அடம்பிடித்தால், நான் முதலில் சந்தேகப்படுவது ‘ஸ்பார்ஸ்’ என்ற குறியைத்தான் (கோப்பின் காலிப் பகுதிகளுக்கு டிஸ்க்கில் இடம் ஒதுக்காமல் விடலாம் என்று சொல்வது). டொரன்ட் மென்பொருள்கள் கோப்பை இறக்கும்போது இதைப் போட்டுவிடுவதுண்டு. அந்தக் குறி இருந்தால் விண்டோஸ் மவுன்ட் செய்ய மறுக்கும். உள்ளடக்கத்தில் ஒரு குறையும் இருக்காது, அதனால்தான் பலர் இதில் மணிக்கணக்கில் அலைகிறார்கள். நன்றாகத் திறந்த நகலையே சர்வரில் வேறு பெயரில் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், ஏதாவது ஒரு மெய்நிகர் கணினி (மென்பொருளாக இன்னொரு கணினிக்குள் இயங்குவது) அதே கோப்பைத் திறந்து பூட்டி வைத்திருக்கிறதா என்றும் சர்வரில் பாருங்கள்.