679 முதல் இதழா, 6 முதல் இதழா? டிவி தொடர் கௌபாய் காமிக்ஸ் வாங்கியவருக்கு

கேள்வி: லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்து வளர்ந்தவன் நான். இப்போது அமெரிக்காவில், ஆஸ்டினில் இருக்கிறேன். இங்கே ஒரு வீட்டில் பழைய சாமான்களை விற்றபோது ஒரு பெட்டி நிறைய கௌபாய் காமிக்ஸ் வாங்கினேன். கன்ஸ்மோக், பொனான்சா, மேவரிக், ரைஃபிள்மேன் என்று எல்லாமே அந்தக் காலத்து டிவி தொடர்கள். ஒரு கன்ஸ்மோக்கில் 679 என்று எண் இருக்கிறது, இன்னொன்றில் 6. எது முதலில் வந்தது? எதிலுமே காமிக்ஸ் கோட் முத்திரை (தணிக்கை ஆனது என்று அந்தக் காலத்தில் அட்டையில் போட்டது) இல்லையே, போலியா? நல்ல விலை போகுமா? எப்படிப் பாதுகாப்பது?

பதில்: 679தான் முதலில் வந்தது. ஆனால் அந்த 6ஐக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இந்த காமிக்ஸை வெளியிட்ட டெல் நிறுவனம் 1942 முதல் 1962 வரை ‘ஃபோர் கலர்’ என்ற ஒரே வரிசையில் 1,300க்கும் மேற்பட்ட இதழ்களைப் போட்டது. ஓர் எண்ணில் டொனால்ட் டக் வரும், அடுத்ததில் சினிமாக் கதை வரும், அதற்கடுத்ததில் கௌபாய். 1950களின் இதழ்களில் ஃபோர் கலர் என்ற பெயர்கூட அட்டையில் இருக்காது, எண் மட்டும்தான். புதுத் தலைப்பு விற்குமா என்று பார்க்க இந்த வரிசையில் விட்டுப் பார்ப்பார்கள். நன்றாகப் போனால் தனி இதழ் ஆரம்பிப்பார்கள். கன்ஸ்மோக் 1956இல் 679ஆக வந்தது. பிறகு 720, 769, 797, 844. இந்த ஐந்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு தனி இதழை நேராக 6இலிருந்து தொடங்கினார்கள். ஆகவே 1 முதல் 5 வரை எண் போட்ட டெல் கன்ஸ்மோக் கிடையாது, அவற்றைத் தேடி அலைய வேண்டாம். மேவரிக்கும் இப்படித்தான்: 892இல் தொடங்கி ஃபோர் கலரில் ஆறு இதழ்கள், அப்புறம் தனி இதழ் 7இலிருந்து.

இப்போது அந்த 6க்கு வருவோம். 1969இல் கோல்டு கீ என்ற இன்னொரு வெளியீட்டின் பெயரில் கன்ஸ்மோக் மறுபடி 1இலிருந்து ஆரம்பித்து 6 வரை வந்தது. அதனால் 6 என்ற எண்ணில் இரண்டு கன்ஸ்மோக் உண்டு. அட்டையின் மூலையில் டெல் சின்னமா, கோல்டு கீ சின்னமா என்று பாருங்கள். பிறகு உள் அட்டையிலோ முதல் பக்கத்திலோ அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். மாதமும் ஆண்டும் அங்கே கிடைக்கும். பழகியவர்கள் அட்டை எண்ணை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்வதில்லை.

ஏன் இரண்டு நிறுவனம்? டிவி கம்பெனிகளிடம் உரிமை வாங்குவது, கதை எழுத வைப்பது, படம் வரைய வைப்பது, அச்சடிப்பது எல்லாம் வெஸ்டர்ன் பப்ளிஷிங் செய்த வேலை. பணம் போட்டுக் கடைகளுக்கு அனுப்பியது டெல். 1962இல் இருவரும் பிரிந்தார்கள். உரிமைகளில் பெரும்பாலானவை வெஸ்டர்ன் கையில் இருந்ததால் அது கோல்டு கீயைத் தொடங்கி அதே தலைப்புகளைத் தொடர்ந்தது. ரைஃபிள்மேன் டெல்லில் 12 வரை வந்து கோல்டு கீயில் 13 என்று தொடர்ந்தது. பொனான்சாவோ புதிதாக 1இலிருந்து ஆரம்பித்தது. உங்கள் பெட்டியில் 01-070-207 போன்ற எண்ணோடு பொனான்சா இருந்தால் குழம்ப வேண்டாம். கடைசி மூன்று இலக்கத்தில் 2 என்பது 1962, 07 என்பது ஜூலை.

முத்திரை இல்லாததால் போலி என்று நினைக்காதீர்கள். 1954இல் மற்ற கம்பெனிகள் சேர்ந்து காமிக்ஸ் கோட் அமைப்பை உருவாக்கியபோது டெல் அதில் சேரவே இல்லை. தன் இதழ்கள் குழந்தைகளுக்கு ஏற்றவை என்று பெற்றோருக்குத் தானே ஓர் உறுதிமொழி அச்சிட்டது. கோல்டு கீயும் முத்திரை போடவில்லை. டெல் இதழில் முத்திரை இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்!

விலை விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்வேன். இவை லட்சக்கணக்கில் விற்ற இதழ்கள், சுமாரான நிலையில் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. விலையைத் தூக்குவது முதலில் அட்டையில் இருக்கும் ஆள். ராஹைட் தொடர் இதழ்களில் கிளிண்ட் ஈஸ்ட்வுட், ‘வான்டட்: டெட் ஆர் அலைவ்’ தலைப்பில் வந்த ஃபோர் கலர் 1102, 1164 இரண்டிலும் ஸ்டீவ் மெக்வீன். இவர்கள் பின்னால் பெரிய நட்சத்திரங்கள் ஆனதால் சினிமா ரசிகர்களும் போட்டிக்கு வருகிறார்கள். அடுத்தது ஓவியர். டெல் பெரும்பாலும் ஓவியர் பெயரைப் போடாது என்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. மேவரிக்கை டான் ஸ்பீகல் வரைந்தார். சுகர்ஃபுட் என்ற தொடருக்கு வந்த ஃபோர் கலர் 907 அலெக்ஸ் டாத் வரைந்தது. கறுப்பு நிழலைப் பரப்பிப் பாதிக் கட்டத்தை வெறுமையாக விடும் துணிச்சல் அவருடையது. அப்படி ஒன்று கிடைத்தால் விற்காதீர்கள் என்பேன். யார் வரைந்தது என்று கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

1957, 58இல் வந்த டெல் இதழ்களில் விலையையும் பாருங்கள். வழக்கமான விலை 10 சென்ட். சில பகுதிகளில் மட்டும் அதே இதழை 15 சென்டுக்கு விற்றுப் பார்த்தார்கள். அவை அரிது.

நிலையைச் சோதிக்க, இதழைப் பாதி மட்டும் விரித்து நடுத்தாள் இரண்டு ஸ்டேப்ளர் பின்னிலும் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு விளம்பரப் பக்கங்கள். பையன்கள் கூப்பனைக் கத்தரித்து அனுப்பிய காலம் அது, அதன் பின்புறம் இருக்கும் கதைப் பக்கத்திலும் ஒரு சதுரம் காணாமல் போயிருக்கும். கேட்கும் விலையை நம்பாமல், ஈபேயில் உண்மையில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். தரச்சான்று வாங்கி பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைக்கும் செலவு, இவற்றில் பலவற்றின் விலையையே தாண்டிவிடும்.

பாதுகாப்புக்கு வருவோம். இது மலிவான மரக்கூழ்த் தாள், அதிலுள்ள அமிலமே அதைப் பழுப்பாக்குகிறது. டெக்சாஸ் வெயிலில் பரணும் கராஜும் கூடவே கூடாது, வீட்டுக்குள் ஏசி இருக்கும் அறையின் அலமாரிதான் சரி. மைலார் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை, அமிலமில்லாத அட்டை, இதழை நிமிர்த்தி வைக்கும் பெட்டி. இவ்வளவு போதும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், துருப்பிடித்த பின்னைக் கழற்றாதீர்கள், அட்டையில் பென்சிலால் எழுதிய தேதியை அழிக்காதீர்கள். அது பெரும்பாலும் கடைக்காரர் சரக்கு வந்த நாளைக் குறித்தது, வாங்குபவர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்வது குறைவு.