படத்துக்கு மார்க் போடும் முன் டிவி செட்டிங்கைப் பாருங்கள்: கேள்வி பதில்

சமீபத்தில் பார்த்த படத்துக்கு ஒரு மார்க் போட்டு, கூடவே ஒரு கேள்வியும் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். இருபது வருடத்துக்கு மேல் எடிட்டிங் அறையில் உட்கார்ந்தவன் நான். ஷாட், கட், சத்தம், படம் ஓடும் வேகம் பற்றிக் கேட்டால் நிறையச் சொல்வேன். வசூல் கணக்கு, நடிகர்களின் சொந்த வாழ்க்கை, எந்தப் படம் எங்கே இலவசமாகக் கிடைக்கும் என்பதெல்லாம் என் கடையில் இல்லாத சரக்கு.

பாதிராத்திரி: புது டிவியில் எனக்குப் பிடித்த பழைய சாகசப் படம் ஒன்றை மறுபடி பார்த்தேன். எல்லாமே சீரியல் மாதிரி, செட்டுக்குள் நின்று பேசுவது மாதிரி தெரிந்தது. முன்பு 9 போட்டிருப்பேன், இப்போது 4. எனக்கு வயதாகிவிட்டதா?

வயதாகவில்லை. உங்கள் டிவி படத்தில் கை வைத்திருக்கிறது. சினிமா ஒரு நொடிக்கு 24 படங்களாக, அதாவது 24 ஃபிரேம்களாக, ஓடும். மௌனப் பட காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள், அதனால் வேகம் கூடிக் குறைந்தது, யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1920களின் கடைசியில் பேசும் படம் வந்ததும் கதை மாறியது. வேகம் ஆடினால் குரலும் ஆடும் என்பதால் ஒரே சீராக 24 என்று நிலைத்தது. அந்த 24இல் ஓர் இலேசான மங்கல் உண்டு. நம் கண் அதைத்தான் ‘சினிமா’ என்று பழகிவைத்திருக்கிறது.

புது டிவி என்ன செய்கிறது? இரண்டு படங்களுக்கு நடுவே தானாகச் சில படங்களைக் கற்பனை செய்து செருகுகிறது. விளையாட்டுப் போட்டிக்கு அது நல்லது, பந்து வழுக்கிக்கொண்டு போகும். சினிமாவில் போட்டால் மேக்கப் தெரியும், செட்டின் பிளைவுட் தெரியும், வாள் சண்டை ஒத்திகை மாதிரி ஆகிவிடும். இது என் ஒருவன் புலம்பல் இல்லை. 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று தனியாக ஒரு வீடியோவே போட்டார்கள். மறு வருடம் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்று ஒரு செட்டிங் அறிவிக்கப்பட்டது, பல டிவிகளில் இப்போது இருக்கிறது. இல்லாவிட்டால் மெனுவில் ‘மோஷன்’ என்று தொடங்கும் எதையாவது தேடி அணையுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும்.

அணைத்துவிட்டுப் பார்த்த பிறகும் 4 என்றால் அது உங்கள் 4. இப்போதைக்கு அது டிவி போட்ட மார்க்.

அரைடிக்கெட்: ‘தி ஹாபிட்’ முதல் பாகத்தைத் தியேட்டரில் பார்த்தபோதும் அதே சீரியல் உணர்வு வந்ததே. அங்கே எந்த டிவி?

நல்ல கேள்வி. 2012இல் வந்த அந்தப் படத்தை நொடிக்கு 48 படங்களாகவே எடுத்தார்கள். அந்த வேகத்தில் காட்டிய அரங்கில் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அது இயக்குநர் தெரிந்தே எடுத்த முடிவு, அதனால் அவருக்குத் தாராளமாக மார்க் குறைக்கலாம். நானும் குறைத்தேன்.

பழைய டிவிடி: இணையத்தில் 100 நிமிடம் என்று போட்டிருக்கும் படம் என்னிடம் உள்ள டிவிடியில் 96 நிமிடம்தான் ஓடுகிறது. எந்தக் காட்சியை வெட்டினார்கள்?

அநேகமாக எதையும் வெட்டவில்லை. உங்களுடையது பால் (PAL) என்ற டிவி முறைக்குத் தயாரித்த டிவிடியாக இருக்கும். அது நொடிக்கு 25 படங்கள் ஓடும் ஏற்பாடு. 24ஐ அப்படியே 25ஆக ஓட்டிவிடுவார்கள், படம் நாலு சதவீதம் வேகமாகிவிடும். 100ஐ 25ஆல் வகுத்து 24ஆல் பெருக்கினால் சரியாக 96 வரும். சத்தத்தைத் தனியாகச் சரிசெய்யாவிட்டால் குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறும். இத்தனை நாளாக அந்தக் கதாநாயகனுக்கு மெல்லிய குரல் என்று நினைத்திருந்தீர்களானால் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

எண்கணிதம்: ஒரே படத்துக்கு ராட்டன் டொமேட்டோஸில் 95 சதவீதம், ஐஎம்டிபியில் 6.8. எதை நம்புவது?

இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். 95 என்பது 100க்கு 95 மார்க் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நூறு விமர்சகர்களில் 95 பேர் ‘பரவாயில்லை, பார்க்கலாம்’ பக்கம் நின்றார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். அத்தனை பேரும் 10க்கு 6 போட்டு ‘பார்க்கலாம்’ என்றாலும் 95தான். யாருக்கும் உயிருக்கு உயிராகப் பிடிக்காத, யாருக்கும் கோபமும் வராத படத்துக்கு இந்த எண் பிரமாதமாக வரும். பாதிப் பேர் தலையில் தூக்கிவைத்து ஆடி, மீதிப் பேர் திட்டிய படம் 50இல் நிற்கும். எனக்குப் பிடித்த படங்கள் பெரும்பாலும் அந்த 50இல்தான் கிடக்கின்றன.

ஐஎம்டிபியில் இருப்பது பொதுமக்கள் போடும் மார்க்கின் சராசரி, கொஞ்சம் எடை கூட்டிக் குறைத்தது. அதன் முதல் 250 பட்டியலில் இன்னொரு தந்திரமும் உண்டு. ஓட்டு குறைவாக விழுந்த படத்தை எல்லாப் படங்களின் பொதுச் சராசரியை நோக்கி இழுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் சொந்தக்காரர்கள் நாற்பது பேர் 10 போட்ட படம் முதலிடத்தில் உட்கார்ந்துவிடும்.

புதுசு: நான் பார்த்த படத்துக்கு 10க்கு எத்தனை போடலாம் என்று எப்படி முடிவு செய்வது?

முதல் நாள் போடாதீர்கள். மறுநாள் காலை எழுந்ததும் எந்தக் காட்சி ஞாபகம் வருகிறது என்று பாருங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் 5க்கு மேல் போக வேண்டாம். சினிமாவுக்கு நட்சத்திரம் போடும் வழக்கம் 1928இல் நியூயார்க் டெய்லி நியூஸ் பத்திரிகையில் ஐரீன் தைரர் என்ற விமர்சகர் தொடங்கியது. மொத்தமே மூன்று நட்சத்திரம்தான், முதல் படத்துக்கு அவர் கொடுத்தது ஒன்று. மூன்றே போதுமானது என்பதுதான் என் கட்சியும். 7.25க்கும் 7.5க்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு யாராவது விளக்கினால் நல்லது.

பாதியில் எழுந்தவன்: பாதி படம்தான் பார்த்தேன். மார்க் போடலாமா?

பாதி மார்க் போடுங்கள்.

முடிவுப்பிரியை: இரண்டு மணி நேரம் அருமையாகப் போன படம், கிளைமாக்ஸில் சொதப்பல். 3 போட்டேன். அநியாயமா?

கணக்குப்படி அநியாயம், மனசுப்படி இல்லை. உளவியல் அறிஞர் டேனியல் கானமனும் கூட்டாளிகளும் 1993இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. 14 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் ஒரு நிமிடம் கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே ஒரு நிமிடம், அதற்கு மேல் இன்னும் அரை நிமிடம், அந்த அரை நிமிடத்தில் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கினார்கள். எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் நீளமானதைத்தான் கேட்டார்கள். மொத்த வேதனை அதில்தான் அதிகம், ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. உச்சமும் முடிவும்தான் ஞாபகத்தில் தங்குகின்றன. எடிட்டிங் அறையில் கடைசிப் பத்து நிமிடத்தோடு மல்லுக்கட்டியே வாரக்கணக்கில் ராத்திரிகள் போவது இதனால்தான். 3 கொஞ்சம் கடுமை. ஆனால் அந்த எடிட்டருக்கு அது தேவைதான்.

கடைசி வரிசை: 1957இல் வந்த ‘12 ஆங்ரி மென்’ பார்த்தேன். ஒரு கொலை வழக்கின் ஜூரிகள் பன்னிரண்டு பேர் ஓர் அறைக்குள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நாடகத்தைப் படம் பிடித்தால் சினிமா ஆகிவிடுமா? 5. அதுவும் வசனத்துக்காக.

இதற்காகத்தான் காத்திருந்தேன். முதலில் உங்கள் பக்கம் உள்ள நியாயம்: அது 1954இல் டிவி நாடகமாக வந்ததுதான், எழுதியவர் ரெஜினால்ட் ரோஸ். படம் வந்தபோது வசூலும் இல்லை. மூன்று ஆஸ்கர் பரிந்துரை, மூன்றையும் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ தட்டிக்கொண்டு போனது.

இப்போது என் பக்கம். இயக்குநர் சிட்னி லூமெட்டுக்கு அது முதல் சினிமா. முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கேமரா கண் மட்டத்துக்கு மேலே இருக்கும். நடுப்பகுதியில் கண் மட்டத்துக்கு இறங்கும். கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே போய் அண்ணாந்து பார்க்கும், அறையின் கூரை தெரியத் தொடங்கும். கூடவே லென்ஸின் நீளத்தையும் ஏற்றிக்கொண்டே போகிறார். நீள லென்ஸில் பின்னால் இருக்கும் சுவர் ஆளின் முதுகோடு ஒட்டிக்கொண்டு தெரியும். அறை அதே அறைதான், ஆனால் நேரம் ஆக ஆகச் சுருங்கும். கட்களும் கடைசி அரை மணியில் நாலுகால் பாய்ச்சல். எல்லாம் முடிந்து வெளியே வரும் ஷாட்டுக்கு மட்டும் அகல லென்ஸ். நாடக மேடையில் எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் இது கிடைக்காது.

கடைசி வரிசை: இதையெல்லாம் படித்துவிட்டா படம் பார்ப்பார்கள்? பார்ப்பவனுக்குத் தெரியாத வேலைக்கு எதற்கு மார்க்?

மூன்றாம் மணி: அஸ்திவாரம் கண்ணுக்குத் தெரியாது. அதற்காக வீடு நிற்கவில்லையா?

கடைசி வரிசை: குடியிருப்பவன் அஸ்திவாரத்துக்கு மார்க் போட மாட்டான், வீடு வசதியா என்றுதான் பார்ப்பான். எனக்குப் பின்பாதியில் மூச்சு முட்டியது சார். எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தேன்.

ஜன்னலைத் திறந்தீர்களா! ஐயா, லூமெட் இருந்திருந்தால் உங்களைக் கட்டிப்பிடித்திருப்பார். லென்ஸ் என்ற சொல்லே தெரியாத ஒருவரை எழுந்து ஜன்னலைத் திறக்க வைத்துவிட்டது அந்த லென்ஸ். தெரியாமலே நடந்ததால்தான் அது நல்ல வேலை.

கடைசி வரிசை: சரி, வேலை செய்தது. ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. மூச்சு முட்ட வைத்ததற்கு எதற்கு நான் கூடுதல் மார்க் தர வேண்டும்?

முடிவுப்பிரியை: பேய்ப் படம் பார்த்துப் பயந்துவிட்டு ‘பயமாக இருந்தது, 3’ என்று போடுவது மாதிரி இருக்கிறது.

கடைசி வரிசை: பயப்படத்தான் பேய்ப் படத்துக்குப் போகிறோம். மூச்சு முட்ட யார் போகிறார்கள்?

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். உங்கள் 5 உங்களோடு இருக்கட்டும். ‘நாடகம்’ என்ற சொல்லை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

சட்டப்புள்ளி: அந்தப் படத்தில் ஜூரி ஒருவர் தானே வெளியே போய்க் கத்தி வாங்கிக்கொண்டு வருகிறாரே, அது சட்டப்படி சரியா?

கூடாத காரியம் என்றுதான் சட்டம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். மேற்கொண்டு அவர்களிடமே கேளுங்கள். அந்தக் கத்தி மேஜையில் குத்தி நிற்கும் நேரத்தைப் பற்றிக் கேட்டால் நான் ஒரு மணி நேரம் பேசுவேன்.

அகலத்திரை: மேலும் கீழும் கருப்புப் பட்டை வருகிறது. ஜூம் செய்து முழுத்திரையில் பார்த்தேன், இரண்டு பேர் பேசும் காட்சியில் ஒருவர் மூக்கு மட்டும் தெரிந்தது. ஒளிப்பதிவுக்கு 2 மார்க்.

அந்த 2 உங்கள் ரிமோட்டுக்கு. அகலத்திரைப் படம் உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலம், உங்கள் டிவி 1.78 மடங்கு. ஜூம் செய்தால் இரண்டு ஓரத்திலும் சேர்த்துப் படத்தின் கால்வாசி வெளியே போய்விடும். போகும்போது அந்த மோஷன் செட்டிங்கையும் அணையுங்கள்.

காது: வசனமே கேட்கவில்லை, சண்டை வந்தால் காது கிழிகிறது. இசையமைப்பாளருக்கு எத்தனை குறைக்கலாம்?

அவர் பாவம். 5.1 ஒலியில், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பாஸ் ஸ்பீக்கரும் கொண்ட ஏற்பாட்டில், வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். உங்கள் டிவியில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. ஒலி மெனுவில் ஸ்டீரியோ என்று மாற்றிப் பாருங்கள். மாறாவிட்டால் சப்டைட்டில்.

தம்பி ரசிகன்: பாட்டே இல்லாமல் தமிழில் படம் எடுப்பது இப்போது வந்த புதுமை என்று நண்பனோடு பந்தயம். புதுமைக்காகவே 8 போட்டேன்.

1954, ‘அந்த நாள்’. பந்தயத் தொகையைக் கொடுத்துவிடுங்கள்.

உச்சம்: உலகின் தலைசிறந்த படம் எது? பத்துக்குப் பத்து எது?

‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் பத்து வருடத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் இதைக் கேட்கிறது. 1952இல் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’, 1962 முதல் 2002 வரை ‘சிட்டிசன் கேன்’, 2012இல் ‘வெர்டிகோ’, 2022இல் ‘ஜான் டீல்மன்’. விமர்சகர்களே மாற்றிக்கொண்டிருக்கும்போது நான் எதற்கு நடுவில்?

நிழல்: நேற்றுப் பார்த்த படம் வீடியோ கேம் மாதிரி வழவழவென்று இருந்தது. 10க்கு எத்தனை போடலாம்?

டிவியில் பார்த்தீர்களா? மேலே முதல் பதில்.

வேகம்: வெப் சீரிஸை 1.5 வேகத்தில் பார்த்துவிட்டு மார்க் போடலாமா?

எடிட்டரிடமா இதைக் கேட்கிறீர்கள்? அடுத்தவர்.

கடைசி வரிசை: சார், சும்மா சொல்லக் கூடாது. என் டிவியிலும் அந்த மோஷன் சமாச்சாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அணைத்துவிட்டுக் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் மறுபடி பார்த்தேன். ஐந்தரை.

வாங்கிக்கொள்கிறேன். இந்த முறை ஜன்னல்?

கடைசி வரிசை: திறந்தேதான் இருந்தது.

புதுசு 2: இப்போதுதான் வந்தேன். ஒரு படத்துக்கு 10க்கு எத்தனை என்று எப்படி முடிவு செய்வது?

மேலே.